பக்கத்து டிவிஷனில் மண் சரிந்தால் நாம் என்ன செய்யலாம்?

மழைக்காலம் வந்தால் மலைநாட்டில் எல்லோருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம்தான். மே, ஜூன் மாதங்களில் மேற்குப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பயம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துக்குப் பயம். லயத்துக்குப் பின்னால் மண்மேடு, முன்னால் பள்ளம், நடுவில் காம்பரா. நம்மில் பலர் இப்படித்தான் குடியிருக்கிறோம்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டிலிருந்து தேத்தண்ணி போகும், லயமே சேர்ந்து நிற்கும். இது நமது வழக்கம். ஆகவே அனர்த்தம் நடந்தால் உதவ வேண்டும் என்று நமது சனங்களுக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. ஆனால் "நாங்களே அன்றாடம் மலைக்குப் போய் வந்து சாப்பிடுகிற ஆட்கள், எங்களால் என்ன செய்ய முடியும்? அரசாங்கம் பார்க்கும், பெரிய ஆட்கள் பார்ப்பார்கள்" என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். அது சரியல்ல என்பதற்கு 2025 நவம்பர் மாதக் கடைசியில் வந்த டித்வா புயலே சாட்சி. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. வீதிகள் உடைந்தன, கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. பல தோட்டங்களுக்கு வெளியிலிருந்து ஒரு லொறிகூட வர முடியாத நிலை. அந்த நேரத்தில் ஓடிவரக்கூடியவர்கள் பக்கத்து லயத்து ஆட்களும் பக்கத்து டிவிஷன் ஆட்களும்தான். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை, மழையில் நடந்து பழகிய கால், ஊரில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற அறிவு, இவை மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. கொழும்பிலிருந்து வருகிறவரிடம் இவை இல்லை.

எனவே எதை எப்போது செய்வது என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

முதல் ஒரு மணித்தியாலம்

சத்தம் கேட்டவுடன் எல்லோரும் சேற்றுக்குள் ஓடுவதுதான் வழக்கம். உள்ளே இருப்பது நமது அக்கா, தம்பி, பிள்ளை. யாரைத்தான் நிறுத்த முடியும்? ஆனால் ஒரு தடவை சரிந்த மலை அதோடு நின்றுவிடும் என்று நினைக்கக்கூடாது. மேலே தொங்கிக்கொண்டிருக்கும் மண் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் வரும். காப்பாற்றப் போனவர்களே மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பத்துப் பேர் இறங்கினால் ஒருவர் இறங்காமல் பக்கத்து மேட்டில் நின்று மேலே மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் விசில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு தகரமும் தடியும் போதும். கல் உருண்டாலோ, மரம் ஆடினாலோ, சேற்றுத் தண்ணீர் திடீரென்று கூடினாலோ அவர் தட்ட வேண்டும். சத்தம் கேட்டவுடன் எல்லோரும் பக்கவாட்டில் ஓட வேண்டும். பள்ளத்தைப் பார்த்து ஓடினால் மண் நம்மை முந்திவிடும்.

இன்னொன்று, அமைதி. ஆளுக்கொரு பக்கம் கூவி அழுதுகொண்டிருந்தால் மண்ணுக்கடியில் இருந்து வரும் முனகல் கேட்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் வாயை மூடி, வேலையை நிறுத்தி, ஒருவர் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆள் இருக்கும் என்று தோன்றும் இடத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போடாமல் கையாலும் தட்டாலும் அள்ளுங்கள். எடுத்தவரை இரண்டு கையையும் பிடித்து இழுக்கக்கூடாது. முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம். கதவுப் பலகை ஒன்றில் படுக்க வைத்துத் தூக்குங்கள். ஈரத்தைக் களைந்து கம்பளியால் மூடுங்கள்.

117 என்பது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். 1990 அம்பியூலன்ஸ். 119 பொலிஸ். இந்த மூன்றையும் காம்பராச் சுவரில் கரிக்கட்டியாலாவது எழுதி வையுங்கள். போன் எடுபடாவிட்டால் கால்நடையாக ஆள் அனுப்ப வேண்டும், அதுவும் இரண்டு பேராக. ஒருவர் தோட்டக் காரியாலயத்துக்கு, மற்றவர் கிராம உத்தியோகத்தரிடம்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்ட ரோட்டு எவ்வளவு அகலம் என்று நமக்குத் தெரியும். அதில் நாற்பது மோட்டார் சைக்கிளும் பத்து த்ரீவீலும் நின்றால் மண் அள்ளும் மெசின் எப்படி மேலே வரும்? இளைஞர்கள் நான்கு பேர் வளைவு வளைவாக நின்று பாதையைத் திறந்து வைத்தால், அது சேற்றில் இறங்கி வேலை செய்ததற்குச் சமம். போனைத் தூக்கிப் படமெடுப்பவர்களுக்கு ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுங்கள். வேலை செய்வார்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள்.

பெயர்ப் பட்டியல்

இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாள்களில் நூற்றுக்கணக்கானோர் புதைந்துவிட்டார்கள் என்று செய்தி போனது. ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார், இன்னொருவர் வேறு கணக்குச் சொன்னார். நாள் போகப் போகத்தான், மலைக்குப் போனவர்கள், கொழும்பில் வேலைக்கு நின்றவர்கள், பாடசாலைக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் வந்து, எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. இறங்கியது ஆறுதல்தான். ஆனால் அத்தனை நாள்களும் எந்த வீட்டில் எத்தனை பேரைத் தேடுவது என்பது சரியாகத் தெரியாமலே தோண்ட வேண்டியிருந்தது.

இது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் செக்ரோல் இருக்கிறது. அதில் பேர் போடுகிற தொழிலாளர்களின் விவரம் மட்டும் இருக்கும். பென்ஷன் வயதான தாத்தா அதில் இல்லை. கைப்பிள்ளை இல்லை. தோட்டத்தில் குடியிருந்து டவுன் கடைக்கு வேலைக்குப் போகிற பையன் இல்லை. முதல் நாள் இரவு மகள் வீட்டுக்கு வந்து தங்கிய பாட்டி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பட்டியல் நாமே எழுதி வைக்க வேண்டும். காம்பரா இலக்கம், அதில் படுத்து எழும்புகிற எல்லோருடைய பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம். வெளியூரில் இருப்பவர் என்றால் எங்கே, எந்தப் போன் இலக்கம். நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், பிரஷர், சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர் யார். இவ்வளவும் ஒரு சீ.ஆர். கொப்பியில் பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அந்த லயத்திலேயே இருக்கட்டும், மற்றது வேறொரு டிவிஷனில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். லயத்தோடு சேர்ந்து பட்டியலும் புதைந்துவிட்டால் எழுதியதில் பலன் இல்லை அல்லவா? தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்துபோன பிறகு ஒரு தரம் திருத்திக்கொள்ளுங்கள்.

படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இது. ஓ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் இரண்டு நாள் சமைத்த சாப்பாடுதான் வேண்டும். ஏனென்றால் அவர்களிடம் அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை, சமைக்கும் மனமும் இல்லை. இங்கே நடக்கும் கோளாறு என்னவென்றால், பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று இடத்திலிருந்து பார்சல் வரும், இராத்திரிக்கு ஒன்றும் வராது. பிள்ளைகள் பசியோடு படுக்கும், பகல் வந்த சோறு மூலையில் ஊசிப்போகும். இதைத் தவிர்க்க ஒரே வழி, புறப்படுவதற்கு முன் முகாமில் பொறுப்பாக இருப்பவரிடம் கேட்பதுதான். "நாங்கள் ராத்திரிக்கு ரொட்டியும் சம்பலும் எண்பது பேருக்குக் கொண்டுவருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி போங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து உலர் உணவு கொடுத்து, அங்கே இருப்பவர்களே சமைக்கும்படி விடுவது நல்லது. கோவில் தேரடி மண்டபத்திலோ பாடசாலைப் பின்கட்டிலோ பெரிய அடுப்பு மூட்டிக் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறோம். சும்மா குந்தியிருப்பதுதான் பெரிய வேதனை, கைக்கு வேலை இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றுதான் சொன்னார்கள்.

அரிசி சேர்ப்பது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பார்ப்போம். ஒரு டிவிஷனில் 150 குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இரண்டு சுண்டு கொடுத்தால் 300 சுண்டு. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து சுண்டு என்றால் 60 கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி வேண்டும் என்று கணக்கிட்டால் அது 150 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. வீட்டுக்கு இரண்டு சுண்டு யாரையும் ஏழையாக்காது. ஆனால் சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் சம்பாவும் நாட்டரிசியும் ஒரே சாக்கில் கொட்டிக் கொடுத்தால் எந்தச் சட்டியிலும் ஒழுங்காக வேகாது. தனித்தனியாகக் கட்டுங்கள். பருப்பு, உப்பு, மிளகாய்த்தூள், தேயிலை, சீனி, நெத்தலிக் கருவாடு ஆகியவை கூடவே போகட்டும். தீப்பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். மண் சரிந்த இடத்துப் பீலித் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் தெளிவாக இருந்தாலும் நம்ப முடியாது. மேலே கக்கூஸ் குழி உடைந்திருக்கும். நன்றாகக் கொப்புளித்துக் கொதித்த பின்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு இறக்கி, மூடி வைத்து, அகப்பையால் எடுத்துக் குடிக்க வேண்டும். விறகு கொண்டுபோய்க் கொடுப்பது பெரிய உதவி. காய்ந்த விறகு ஒரு கட்டு அடைமழை நேரத்தில் அரிசிக்குச் சமம்.

பால்மா பற்றி ஒரு வார்த்தை. கைப்பிள்ளைக்கு என்று போத்தலும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அசுத்தத் தண்ணீரில் கரைத்த போத்தல் பால் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும். பயத்தில் தாய்க்குப் பால் வற்றிப்போகும் என்று சிலர் சொல்வார்கள். தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, ஒதுக்கமான இடத்தில் உட்கார வைத்து, பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டால் பால் ஊறும். தாயில்லாத பிள்ளை என்றால் மருத்துவிச்சியைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

துணிமணி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்த பிறகு, இந்தியாவில் நாகப்பட்டினக் கரையோரத்தில் பழந்துணிகள் வீதியோரம் மலையாகக் குவிந்து கிடந்தன. யாரும் அதைத் தொடவில்லை. அந்த மீனவ சனங்கள் எல்லாவற்றையும் இழந்தவர்கள்தான், ஆனாலும் ரோஷத்தை இழக்கவில்லை. நாமும் அப்படித்தானே? நாளைக்கு நமக்கு ஒருவர் கிழிந்த சட்டையைத் தூக்கிப் போட்டால் எப்படி இருக்கும்?

நாம் உடுத்தத் தயங்கும் துணியைக் கொடுக்க வேண்டாம். தோய்த்து, காயவைத்து, பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து, ஆண், பெண், பிள்ளை என்று பிரித்து, பையில் வயதை எழுதிக் கொடுங்கள். அடியில் போடும் உடுப்புகள் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பெண்களுக்கு மாதாந்தத் தேவைக்கான துவாய்கள் வேண்டும். இதை எழுதுவதில் வெட்கமில்லை. ஆம்பிளைகள் மட்டும் கூடிப் பட்டியல் போடும்போது இது எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஆகவே பட்டியல் போடும்போது மாதர் சங்கத்துப் பெண் ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள். சாரம், பாவாடை, பாய், கம்பளி, பிளாஸ்டிக் வாளி, சவர்க்காரம், செருப்பு, டோர்ச். குளிர்ப் பிரதேசம் என்றால் கம்பளிதான் முதலில். மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் படங்கும் வேண்டும், ஏனென்றால் பத்து நாளில் மீண்டும் பேர் போடப் போகவேண்டியவர்கள் அவர்கள்.

காசு சேர்த்தால்

ஒரு நாள் சம்பளம் கொடுப்போம் என்று முடிவெடுப்பது நல்லது. ஆனால் காசு வரும் இடத்தில் சந்தேகமும் கூடவே வரும். யார் மேலும் பழி வராமல் இருக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். தோட்டக் கமிட்டி ஒருவர், மாதர் சங்கம் ஒருவர், வேறு சங்கத்தில் இருக்கும் ஒருவர். எல்லா யூனியன்காரரும் ஒரே கொப்பியில் எழுதட்டும், மண் சரியும்போது அது சிவப்புக் கொடி, நீலக் கொடி பார்த்துச் சரிவதில்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, பில் எங்கே என்பதை வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

வேறு ஊரிலிருந்து ரசீதில்லாமல் வசூலுக்கு வருகிறவருக்கு, போனில் வங்கி இலக்கம் அனுப்பிக் கேட்கிறவருக்குக் கொடுக்க வேண்டாம். பிரதேச செயலகத்திலோ நமக்குத் தெரிந்த சபையிலோ விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

முகாமில் இருக்கும்போது

பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ நூறு நூற்றைம்பது பேரை அடைத்து வைத்தால் முதலில் கஷ்டப்படுவது பெண்களும் குமரிப் பிள்ளைகளும். கக்கூஸ் தூரத்தில், வெளிச்சமில்லை, கதவுக்குக் கொண்டி இல்லை. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தோட்டத் தச்சர் ஒருவர் அரை நாள் வேலை செய்தால் கொண்டி போட்டுவிடலாம். இரண்டு பல்பு, கொஞ்சம் வயர். இராத்திரியில் பெண்கள் பக்கத்தில் நமது டிவிஷன் பெண்கள் இரண்டிரண்டு பேராக முறை வைத்து உறங்கப் போகலாம். குடித்துவிட்டு உதவி செய்ய வருகிறவரை, எவ்வளவு வேண்டியவர் என்றாலும், வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். மீரியபெத்தையில் காலையில் பாடசாலைக்குப் போனதால் உயிர் தப்பி, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் "நான் வளர்க்கிறேன், படிக்க வைக்கிறேன்" என்று காரில் வருகிறவர்கள் உண்டு. நல்லவராகவும் இருக்கலாம், வீட்டு வேலைக்குப் பிள்ளை தேடுகிறவராகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பிள்ளையையும் சிறுவர் நன்னடத்தை அதிகாரிக்குத் தெரியாமல் யாரோடும் அனுப்பக்கூடாது. சந்தேகம் என்றால் 1929க்குப் போன் பண்ணுங்கள். அத்தை, சித்தப்பா, தாத்தா என்று சொந்தக்காரர் இருந்தால் பிள்ளை அங்கே இருப்பதுதான் நல்லது. அந்தச் சொந்தக்காரருக்கு அரிசி கொடுங்கள், கொப்பி வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் பாடசாலைக்குத் திரும்புகிறார்களோ அவ்வளவு நல்லது. வெள்ளை உடுப்பும் சப்பாத்தும்தான் தடையாக இருக்கும். நமது பிள்ளைகளுக்குக் கட்டையாகிப் போன வெள்ளைச் சட்டைகளை இதற்கென்றே எடுத்து வைக்கலாம்.

பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்படி நடந்தது? எத்தனை மணிக்கு? யார் யார் போனார்கள்?" என்று வருகிறவரெல்லாம் கேட்டால், அந்தத் தாய் ஒரு நாளில் இருபது தடவை தன் பிள்ளையைப் புதைக்க வேண்டியிருக்கிறது. ஒரு முகாமில் ஒரு கூட்டத்தார் அரிசிப் பை கொடுக்க வந்து, படம் சரியாக விழவில்லை என்று ஒரே அம்மாவை மூன்று தடவை நிற்க வைத்ததைப் பார்த்தோம். பெயர் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். "எல்லாம் விதி" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். உடல் கிடைக்காவிட்டாலும் கருமாதி செய்ய வேண்டும் என்று வீட்டார் விரும்பினால், அதற்கு ஆள் கூடி, செலவைப் பகிர்ந்து செய்து கொடுப்பது நமது மரண உதவிச் சங்கங்களின் கடமை. மற்ற டிவிஷன் சங்கம் என்று பார்க்க வேண்டாம்.

கடுதாசி வேலை

இது யார் கண்ணிலும் படாத உதவி. எங்கள் எண்ணத்தில் மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட நாள் நிற்பது இதுதான். மண்ணோடு அடையாள அட்டை போய்விட்டது, பிறப்புப் பத்திரம் போய்விட்டது, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதிக் கடுதாசி, கிளினிக் கொப்பி எல்லாம் போய்விட்டன. இவை இல்லாமல் நட்டஈடும் இல்லை, வீட்டுப் பட்டியலில் பெயரும் இல்லை. பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். பிறகு பிரதேச செயலகம். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவருக்கு இதற்கெல்லாம் நடக்கத் தெம்பு இருக்குமா?

ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்கட்டும். கூடவே போகட்டும், பஸ் செலவைக் கமிட்டி கொடுக்கட்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால் மரியாதையாக, ஆனால் நகராமல், பெரிய உத்தியோகத்தரைப் பார்க்கக் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு கடுதாசிக்கும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள், வாங்கியவரின் பதவியும் திகதியும் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். உடல் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதற்குத் தனி நடைமுறை இருக்கிறது, அது நாளாகும். அதைப் பாதியில் விட்டுவிட்டால் சேமலாப நிதிக் காசு பிள்ளைகளுக்கு வராமல் நின்றுவிடும்.

மூன்றாம் மாதம்

முதல் வாரம் லொறி லொறியாக வரும். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். மீரியபெத்தைச் சனங்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் புது வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில்தான், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடத்திலும் பிள்ளைகள் படித்தார்கள், பெண்கள் பிரசவித்தார்கள், வயதானவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். ஆகவே கொடுப்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே கொட்டிவிட வேண்டாம். பாதியை வைத்திருந்து மாதம் ஒரு தரம் போங்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு என்று ஒரு நாளைப் போட்டுக்கொண்டால் மறக்காது. மரக்கறிக் கன்று, கோழிக்குஞ்சு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வீடு கட்டும்போது சிரமதானம், இவையெல்லாம் அந்தக் காலத்து உதவி.

உதவப் போகிறவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சேற்றில் வேலை செய்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். வந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல், சேற்றில் நின்றதைச் சொல்லி மருந்து எடுங்கள். முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றிப் பொது சுகாதார பரிசோதகர் சொல்வார்.

சரிவதற்கு முன்

மண் சரிவு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, திறந்து மூடிய கதவு திடீரென்று இறுகுவது, மரமும் லைட் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று வற்றுவது அல்லது கலங்குவது, இவையெல்லாம் மலை பேசுகிற பேச்சு. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்ன பிறகு போக இடம் இருக்க வேண்டுமே! அங்கேதான் அயலவர் வேண்டும். மழை இரவில் "எங்கள் காம்பராவில் வந்து படுங்கள்" என்று கூப்பிட ஒரு குடும்பம் இருந்தால், ஆபத்தான லயத்திலிருந்து ஆட்கள் எழும்பி வருவார்கள். கூப்பிட ஆளில்லாவிட்டால் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே கிடப்பார்கள். எந்த லயம் எந்த லயத்துக்கு வருவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

மழையை அளப்பதும் சுலபம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமான, சுவர் நேரான டின் ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளக்கலாம். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது ஏழரை சென்டிமீட்டர் ஏறினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் மூட்டை கட்டி ஆயத்தமாக வேண்டும். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், யாரையும் கேட்காமல் எழும்பிவிட வேண்டும். இவை அந்த நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள்தான். ஆனால் வெடிப்பையோ கலங்கிய ஊற்றையோ கண்டால் டின்னில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். லயத்துக்குப் பின்னால் உள்ள கானை மழைக்கு முன் துப்புரவாக்குங்கள். குசினி பெருப்பிக்க மேட்டை வெட்டாதீர்கள்.

லயப் பெயர்ப் பட்டியலுக்கான மாதிரிப் படிவத்தை நலன்புரிக் காரியாலயத்திலும் ஒவ்வொரு டிவிஷன் பிள்ளை மடுவத்திலும் வாங்கலாம். நிரப்பிய பட்டியலின் ஒரு பிரதியை அடுத்த மாதப் பிள்ளைகள் கிளினிக் நாளில் கொண்டுவாருங்கள். எழுதுவதற்கு உதவி தேவையானவர்கள் அன்று காலை ஒன்பது மணி முதல் வரலாம்.